கல்லூரியில் வராத நண்பனுக்காக வருகைப்பதிவில் ப்ராக்ஸி கொடுப்பதும் லேபில் ரீடிங்கை இட்டுக்கட்டுவதும் சகஜம்தானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கடலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். அதனால் லேபிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கரைசலின் செறிவை இன்னொரு கரைசலைக் கொண்டு அளக்கும் டைட்ரேஷன் வகுப்பில் ஆளுக்கு 100 மில்லி ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கில் கரைசல் இருக்கும். பிப்பெட்டால் 20 மில்லி எடுத்து, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் ரோஸ் நிறம் மறையாமல் நிற்கும் இடத்தில் ரீடிங் எடுக்க வேண்டும். ரீடிங் ஒத்துவரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நோட்டை வாங்கிப் பார்த்தால் 19.8, 19.8, 19.8 என்று மூன்று வரி. ஃபிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தால் முக்கால்வாசி அப்படியே இருக்கும். மூன்று முறை செய்திருந்தால் 40 மில்லிகூட மிஞ்சாது.

கேட்டால், "எப்படியும் அதேதான் சார் வரப்போகுது" என்பார்கள். பயந்து சொல்வதில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார்கள். எனக்குக் கவலை தருவது அந்த நம்பிக்கைதான்.

கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இருவர், தப்பு செய்யும் சிறுவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை 1957இல் ஐந்து வகையாகப் பிரித்து எழுதினார்கள். சமாதானம் தப்புக்குப் பிறகு மட்டும் வருவதில்லை, முன்னாலேயே வந்து கதவைத் திறந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். "யாருக்கு என்ன நஷ்டம்" என்று கேட்கிறீர்களே, அதுவும் அந்த ஐந்தில் ஒன்று. "அவங்க மட்டும் யோக்கியமா" என்பது இன்னொன்று. அதில் நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருகிறது என்றதும், நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதும் கல்லூரிகள் உண்டு. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ப்ராக்ஸிக்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் நட்பு. ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு விடியற்காலையில் வீடு திரும்பும் பையனுக்காக நண்பன் "எஸ் சார்" சொல்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் அதே வகுப்பில், பண்ருட்டிக்கு அந்தப் பக்கமிருந்து காலைச் சாப்பாடுகூட இல்லாமல் பஸ் பிடித்து வரும் பெண்ணும் இருக்கிறாள். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் தேர்வு எழுதத் தேவையான அவளுடைய 75 சதவீத வருகை ஆட்டம் காண்கிறது. அவளுக்குக் குரல் கொடுக்க ஆள் இல்லை, அவள் கேட்கவும் மாட்டாள். நீங்கள் கேட்ட நஷ்டம் அவளுக்குத்தான். வேலைக்குப் போகும் பையனுக்கு 75 கடுமையான விதி என்றால், நேரே துறைத்தலைவரிடம் போய்ச் சொல்லலாம். காரணத்தைக் காட்டிக் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுத பல பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது. அந்தக் கட்டணமும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எல்லாரும் ப்ராக்ஸியிலேயே சமாளித்துவிட்டால், விதி கடுமையாக இருக்கிறது என்பதே மேலே யாருக்கும் தெரியப்போவதில்லை.

அப்புறம் இங்கே கடலூரில் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டை. எங்கள் பிள்ளைகளில் பலர் படிப்பு முடிந்ததும் ஏதாவது கெமிக்கல் கம்பெனி லேபில்தான் வேலைக்குச் சேர்கிறார்கள். கழிவுநீரில் சி.ஓ.டி. அளவு, அதாவது அதிலுள்ள மாசை ஆக்ஸிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்று பார்ப்பதும் டைட்ரேஷன்தான். டைக்ரோமேட் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, மீந்ததை ஃபெரஸ் அமோனியம் சல்பேட்டால் அளக்க வேண்டும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் "நேத்து வந்ததுதான் இன்னைக்கும் வரும்" என்று ஒருவர் எழுதிவிட்டால், கம்பெனிக்குள் யாருக்கும் எதுவும் தோன்றாது. சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு ஊர்ப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

நான் இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: 19.2, 19.8 என்று ஒத்துவராமல் வந்தாலும், வந்ததை எழுதி, எங்கே பிசகியிருக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் முழு மார்க். மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் ஃபிளாஸ்க்கைக் காட்டச் சொல்வேன்.