ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள், திங்கட்கிழமை ஒரு ஆள்: கிறிஸ்தவ விசுவாசத்தைப் போலியில்லாமல் வாழ்வது எப்படி?

கேள்வி கேட்டிருக்கும் தம்பி சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறாராம். ஞாயிறு ஆராதனையில் உருகிப் பாடுகிறவர், திங்கள் காலை ஆபீஸுக்குள் நுழைந்ததும் வேறு ஆளாகிவிடுவதாகச் சொல்கிறார். விசுவாசத்தை வெளியே காட்டினால் பக்தி வேஷம் போலத் தெரிகிறது. காட்டாமல் இருந்தால் கிறிஸ்துவைக் குறித்து வெட்கப்படுகிறோமோ என்று மனசு குத்துகிறது. போலித்தனம் இல்லாமல் எப்படி வாழ்வது என்பது கேள்வி.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் உண்டு. அதிகாலை ஜெபம், தினமும் வேத வாசிப்பு, வாரம் ஒரு உபவாசம், வாலிபர் ஐக்கியம். இதெல்லாம் நல்லதுதான், என் வீட்டிலும் நடக்கிறது. ஆனால் தம்பியின் கேள்விக்கு அது பதில் ஆகாது. ஏனென்றால் இத்தனையும் தவறாமல் செய்துகொண்டு முழுப் போலியாக இருக்க முடியும். அப்படி இருப்பவர்களை எல்லா சபையிலும் பார்க்கலாம், முன்வரிசையிலேயே பார்க்கலாம்.

என் அபிப்பிராயம் இது. ஒருவருடைய விசுவாசம் உண்மையா என்று சபை போதகரான ஐயருக்கும் தெரியாது, சபை கமிட்டிக்கும் தெரியாது. அவரிடம் கூலி வாங்குகிறவருக்குத் தெரியும். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்குத் தெரியும். அவருக்குக் கடன்பட்டவருக்குத் தெரியும். அதாவது, நம்மை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத நிலையில் இருப்பவர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ அதுதான் நம் விசுவாசத்தின் அளவு.

நான் உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவன். எங்கள் தொழிலை வைத்துத்தான் என்னால் இதை விளக்க முடியும்.

சீசன் மாசி, பங்குனியில் சூடு பிடித்து ஆடியோடு ஓயும். பனையேறி காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதனீர் இறக்குவார். வீட்டுப் பெண்கள் விடிலியில் அனல் முன்னால் நின்று அதைக் காய்ச்சிப் பாகு பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவார்கள். சித்திரை வெயிலில் அந்த ஓலைக் குடிலுக்குள் நின்று பார்த்தால்தான் ஒரு வட்டுக் கருப்பட்டியின் விலை என்னவென்று புரியும். இவ்வளவு பாடுபட்டு வரும் சரக்கில் சீனியைக் கலப்பது மிகச் சுலபம். நல்ல கருப்பட்டியின் விலையில் ஒரு சின்னப் பங்குதான் சீனியின் விலை. காய்ச்சும்போது சேர்த்துவிட்டால் சாதாரண வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயருக்கு மவுசு கூடியது, பெயரை வைத்துக் கலப்படச் சரக்கை ஓட்டும் ஆசையும் கூடத்தான் செய்தது.

கார்த்திகை, மார்கழியில் கடைக்கு வந்து "அசல் கருப்பட்டி இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு, சுக்குக் காப்பிக்கு. பழைய இருப்பு தீர்ந்திருந்தால் "இல்லை" என்று சொல்லி அனுப்ப வேண்டும். அந்த வாடிக்கையாளர் நேராக அடுத்த கடைக்குப் போவார், அங்கே "அசல்" எப்போதும் இருக்கும். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று மலைப்பிரசங்கத்தில் வருகிறதே, வேத பண்டிதர்கள் அதற்கு ஆழமான விளக்கம் வைத்திருப்பார்கள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது நேரடியாகச் சரக்கு இருப்பைப் பற்றிச் சொன்ன மாதிரிதான் கேட்கும்.

கலப்படம்கூடப் பரவாயில்லை, பிடிபட்டால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வருவார், பேர் கெடும் என்று ஒரு பயமாவது உண்டு. எந்த அதிகாரியும் வந்து கேட்காத ஒன்று இருக்கிறது, அதுதான் முன்பணம். சீசன் தொடங்கும் முன்னால் பனையேறியின் கையில் பணம் இருக்காது. வியாபாரி முன்பணம் கொடுப்பார். அதற்குப் பதிலாக அந்த சீசன் முழுவதும் கருப்பட்டியை அவரிடமே போட வேண்டும், வியாபாரி சொல்வதுதான் விலை. சந்தையில் விலை ஏறினாலும் பனையேறிக்கு ஏறாது. எடையில் கழிவு என்று கொஞ்சம், ஈரம் என்று கொஞ்சம் பிடிப்பார்கள். சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் முன்பணத்தில் பாதி அப்படியே நிற்கும். அடுத்த வருஷமும் அதே வாசல். இதைச் செய்யும் வியாபாரிகளில் எல்லா மதத்தவரும் உண்டு. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் நிறைய உண்டு, கடைச் சுவரில் வாக்குத்தத்த வசனக் காலண்டரோடு.

யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது. கவனியுங்கள், அங்கே முதலில் கூக்குரலிடுவது கூலிப்பணம். இந்த அதிகாரத்தைக் காலண்டரில் அச்சடித்து நான் பார்த்ததில்லை. லேவியராகமமும் கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது. எங்கள் அப்பா அதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டவர். எங்கள் ஊரில் சனிக்கிழமைதான் சம்பளம். பொழுது சாயும் முன் எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் அவர் குளிக்கப் போவார். ஒரு வாரம் கையில் இருப்பு இல்லையென்றால் யாரிடமாவது கைமாற்று வாங்கியாவது கொடுத்துவிடுவார். அவர் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை, சபையில் எழுந்து நின்று பேசவே கூச்சம். இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் விடிலி விடிலியாக எனக்குப் பதனீர் கிடைக்கும்.

முன்பணத்துக்கு என்ன செய்வது? கொடுக்காமல் இருந்தால் அந்தக் குடும்பம் வட்டிக்காரரிடம் போகும், அது இன்னும் மோசம். அதனால் நாங்கள் கொடுக்கிறோம். ஆனால் சரக்கு வந்த அன்றைய சந்தை விலையை எழுதுகிறோம், எடைபோடும்போது அவர் பக்கத்தில் நிற்க வேண்டும், கணக்கு நோட்டு அவர் வீட்டிலும் ஒன்று இருக்கும், படிக்கிற பிள்ளை வாசித்துச் சொல்லும். லாபம் குறையத்தான் செய்கிறது. கர்த்தர் வேறு வழியில் இரட்டிப்பாகத் தந்தார் என்று முடிப்பேன் என எதிர்பார்த்தீர்களா? அப்படி ஒன்றும் தரவில்லை. குறைந்தது குறைந்ததுதான்.

இந்த இடத்தில் வேதத்தில் வரும் வரி வசூல்காரர் சகேயுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிறுவர் பாட்டில் அவர் மரத்தில் ஏறிய குள்ள மனிதராகவே நின்றுபோனார். லூக்கா 19-ஐத் திரும்பப் படியுங்கள். அவர் ஜெபித்ததாக அங்கே ஒரு வரி இல்லை, அழுததாக இல்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று கணக்குப் பேசுகிறார். அதைக் கேட்ட பிறகுதான் இயேசு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார்.

பணத்துக்கு அடுத்தது சாப்பாடு. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் வி.எஸ். அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர், 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு அந்த அரங்கத்தையே கலக்கியது. வந்திருந்த மிஷனெரிகளைப் பார்த்து அவர் சொன்னதன் சாரம்: ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். எதிரே இருந்தவர்கள் வீடு வாசலை விட்டுக் காலராவிலும் காய்ச்சலிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த கூட்டம். அவர்களுடைய தியாகத்தை அசரியா மறுக்கவில்லை. ஆனால் கூட வேலை செய்யும் இந்திய ஊழியரைச் சமமாக நடத்தாத இடைவெளி அவருக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் அந்த இடைவெளியின் கீழ்ப்பக்கத்தில் நின்றவர்.

இந்தக் கதையை எங்கள் ஊர்க்காரர் வெள்ளைக்காரனைக் கேள்வி கேட்டார் என்ற பெருமையோடு சொல்வோம். அதே கேள்வியை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தால் சத்தம் இருக்காது. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோறும் குழம்பும் சாப்பிடுகிறோம். மறுநாள் வீட்டு வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளுக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார், தஞ்சாவூர்ச் சபைகளில் அதை எதிர்த்துப் பெரும் பூசலே நடந்தது. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமக்கள் பகுதியைப் புரட்டுங்கள். "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற மணமகள் தேவை" என்று ஆரம்பித்து அடுத்த வரியில் சாதிப் பெயர் இருக்கும். அந்த விளம்பரத்தில் உண்மையாக இருக்கும் வரி எது என்று எல்லாருக்கும் தெரியும். தம்பிக்குக் கல்யாண வயது என்று நினைக்கிறேன், உங்கள் விசுவாசத்துக்கு ஆபீஸைவிடப் பெரிய பரீட்சை அங்கேதான் காத்திருக்கிறது.

வீட்டு ஜெபக் கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முப்பது பேர் வருவார்கள், ஆண்கள் ஹாலில் உட்கார்ந்து ஆவிக்குரிய வாழ்வைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். முடிந்ததும் டீ, வடை. கூட்டத்தின் பாதி நேரம் அடுப்படியில் நின்ற வீட்டம்மா ஒரு பாட்டையாவது முழுசாகப் பாடினாரா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா, "உங்க ஆவிக்குரிய வாழ்வு எல்லாம் எங்க அடுப்புலதான வேகுது" என்றார். ஆண்கள் சிரித்தார்கள். டம்ளர் கழுவ யாரும் எழுந்திருக்கவில்லை.

இன்னொன்று, தம்பி கேள்வியில் ஓரமாகத் தொட்டிருப்பது: சில நாள் ஜெபிக்கவே முடிவதில்லை, உள்ளே எதுவும் இல்லாதது போல இருக்கிறது, அப்போதும் சபையில் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்று சொல்வது பொய்தானே? ஆமாம், பொய்தான். சொல்லத் தேவையில்லை. சங்கீதம் 88 ஒன்று போதும் இதற்கு. புலம்பலில் ஆரம்பித்துப் புலம்பலிலேயே முடிகிறது, மற்ற சங்கீதங்களைப் போலக் கடைசியில் ஆறுதல் வசனம்கூட இல்லை. அதை வேதத்தில் சேர்த்து வைத்தவர்களுக்கு அதில் வெட்கம் தெரியவில்லை. உணர்ச்சி வற்றிப்போன நாளிலும் சனிக்கிழமைக் கூலியை நேரத்துக்குக் கொடுக்க முடியும். இரண்டும் வேறு வேறு.

இப்போது உங்கள் ஆபீஸ். எனக்கு அந்த உலகம் அதிகம் தெரியாது, என் மகள் அங்கே இருப்பதால் கேட்டறிந்தவைதான். உங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் செய்த வேலை மேலிடத்துக்குப் போகும்போது யார் பெயரில் போகிறது? வருஷாந்தர மதிப்பீட்டில் அவனுக்கு எழுதுவது நீங்கள் நினைப்பதா, உங்கள் இடத்தைக் காப்பாற்றுவதா? வேலை செய்யாத மணிநேரம் டைம்ஷீட்டில் ஏறுகிறதா? ராத்திரி ஷிப்ட் முடிந்து கொண்டுவிடும் கேப் டிரைவர் பெயர் தெரியுமா? கழிவறை சுத்தம் செய்யும் அம்மாவுக்கு லிப்ட் கதவைப் பிடித்துக்கொள்வீர்களா, மேனேஜருக்கு மட்டும்தானா? இதில் எதற்கும் நீங்கள் கிறிஸ்தவன் என்று அறிவிக்க வேண்டியதில்லை. பக்தி வேஷம் என்ற பயமும் இங்கே எழாது, ஏனென்றால் பார்த்துப் பாராட்ட ஆள் இருக்காது.

அப்படியானால் வாய் திறந்து பேசவே வேண்டாமா என்றால், பேசலாம். மதியம் டப்பாவைத் திறந்து கண்ணை மூடி ஒரு நிமிஷம் நன்றி சொல்வதில் வேஷம் எதுவும் இல்லை. சக ஊழியர் நோயிலோ துக்கத்திலோ இருக்கும்போது "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்கலாம், வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடலாம். யாராவது கேட்டால் நீங்கள் நம்புவதைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன்: உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவரிடம் நீங்களாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லாதீர்கள். அவர் கையில் பைபிள் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவார், தலையாட்டுவார். அவருடைய மதிப்பீடு உங்கள் கையில் இருக்கிறதே. எங்களிடம் முன்பணம் வாங்கிய ஒரு பனையேறி, சாமி கும்பிடுகிறவர், தொடர்ந்து சில ஞாயிறு எங்கள் சபை ஆராதனைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "கடனுக்காக வாரியாடே? அப்படின்னா வர வேண்டாம், கணக்கு எப்பவும் போல நடக்கும்" என்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. கருப்பட்டி வந்தது, அன்றைய விலையை எழுதிக்கொண்டோம்.