பி4 ஆடும் பையன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தருகிறேன், நானே பெரிய ஆட்டக்காரன் இல்லை. எங்கள் பையன் ஒருவன், எட்டாம் வகுப்பு, அப்பா வல்லத்தில் கடலுக்குப் போகிறவர். வெள்ளைக் காய் கிடைத்தால் இவன் முதல் நகர்த்தலே பி4தான், அதாவது இடது ஓரத்திலிருந்து இரண்டாவது சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது. ராமநாதபுரத்தில் நடந்த போட்டியில் வேறொரு பயிற்சியாளர் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதையெல்லாம் நிப்பாட்டச் சொல்லுங்க சார், பையன் கெட்டுப்போயிருவான்" என்றார். ஏன்டா இப்படி ஆடுறே என்று இவனைக் கேட்டால், "எல்லாரும் வலை விடுற எடத்துல நமக்கு என்ன சார் கெடைக்கும்?" என்கிறான். பெரிய ஆட்டக்காரர்கள்கூட இப்படி வழக்கத்தில் இல்லாத ஓப்பனிங்குகளை (தொடக்க நகர்த்தல்களை) ஆடியிருக்கிறார்களாமே, ஏன்? இவனை நிறுத்தவா, விடவா?

எம்., பாம்பன்

அன்புள்ள எம்.,

பையனின் பதில் பிடித்திருக்கிறது. ஆனால் அவன் அப்பாவைக் கேட்டிருந்தால் மீதியையும் சொல்லியிருப்பார். யாரும் வலை விடாத இடத்தில் மீனே இல்லாமல் இருக்கலாம். வலையைக் கிழிக்கிற பார் அடியில் இருக்கலாம். செஸ் தியரி என்று புத்தகங்களில் இருப்பது நூற்றைம்பது வருடமாக யார் எங்கே வலை விட்டார்கள், எவ்வளவு கிடைத்தது என்ற கணக்குதான். அதைப் படிக்காமல் ஒதுங்குவது வேறு, படித்துவிட்டு ஒதுங்குவது வேறு.

படித்துவிட்டு ஒதுங்கியதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் இங்கிலாந்தின் டோனி மைல்ஸ். 1980இல் ஸ்வீடனின் ஸ்காரா நகரில் ஐரோப்பிய அணிகளுக்கான போட்டி. எதிரே உலக சாம்பியன் கார்ப்போவ். அவர் இ4 என்று ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள, மைல்ஸ் ஏ6 என்று ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். நம் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இதை ஆடினால் காதைத் திருகுவோம். மைல்ஸ் ஜெயித்தார். ஆனால் அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். அடுத்து பி5, பிஷப் பி7, குதிரை எஃப்6, இ6, சி5. ஓரத்திலிருந்து நடுப்பகுதியைக் குறிவைக்கும் திட்டம் ஒன்று தெளிவாக இருக்கிறது. நடுவில் சிப்பாய்களை நிறுத்த எதிரியை விட்டுவிட்டு, பிறகு அவற்றையே தாக்குவது. கார்ப்போவ் மனப்பாடமாக வைத்திருந்த எதுவும் அன்று பயன்படவில்லை. இரண்டு பேரும் யோசித்து ஆட வேண்டியிருந்தது. மைல்ஸுக்கு வேண்டியதும் அதுதான்.

இதன் மறுபக்கம் டென்மார்க்கின் பென்ட் லார்சன். முதல் நகர்த்தலாக பி3 ஆடுவதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பிடிவாதமாக ஆடியவர். 1970இல் பெல்கிரேடில் சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் நடந்த போட்டியில் முதல் பலகையில் அன்றைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கிக்கு எதிராக அதையே ஆடினார். 17 நகர்த்தல்களில் சுருண்டார். வெள்ளையில் ஆடிக்கொண்டு அவ்வளவு சீக்கிரம் தோற்பது அந்தத் தரத்தில் அபூர்வம்.

உங்கள் பையனின் பி4க்கு வருகிறேன். அதற்கு ஓராங்குட்டான் என்று ஒரு பெயர் உண்டு. 1924 நியூயார்க் போட்டியின்போது டார்டகோவர் என்ற ஆட்டக்காரர் அங்குள்ள மிருகக்காட்சி சாலைக்குப் போய் ஓராங்குட்டான் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, மரோட்சிக்கு எதிராக இதை ஆடினார். ஆட்டம் மரோட்சிக்குப் போனது. குரங்கின் மீது பழிபோட வேண்டாம். பி4 ஒன்றும் கிறுக்குத்தனமில்லை. கறுப்பு இ5 ஆடினால் வெள்ளை பிஷப் பி2 வருகிறது. கறுப்பு பிஷப் பி4 சிப்பாயை வெட்டினால், வெள்ளை பிஷப் இ5 சிப்பாயை வெட்டுகிறது. ஓரத்துச் சிப்பாயைக் கொடுத்து நடுச்சிப்பாயை வாங்கிய வியாபாரம், நஷ்டமில்லை. ஆனால் வெள்ளைக்கு முதலில் ஆடுவதால் இருக்கும் சிறு சாதகம் இதில் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட சமநிலை என்கிறது. எட்டாம் வகுப்புப் பையனுக்குச் சமநிலை போதாதா? தாராளமாகப் போதும்.

ஏன் ஆடுகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் நேரம் என்பதுதான். சிசிலியன் ஓப்பனிங்கில் நைடார்ஃப் மாதிரி ஒரு பெரிய லைனை (நகர்த்தல் வரிசையை) ஒழுங்காக ஆட, கோச், கம்ப்யூட்டர், மாதாமாதம் புதிதாக வரும் ஆட்டங்களைப் பார்க்க நேரம் எல்லாம் வேண்டும். அகாடமிப் பிள்ளைக்கு அது வாய்க்கிறது, உங்கள் பையனுக்கு இல்லை. அவன் அறிந்தோ அறியாமலோ ஒரு நல்ல கணக்குப் போட்டிருக்கிறான். பி4 நிலைகளை அவன் ஒவ்வொரு வாரமும் சந்திக்கிறான், எதிரே உட்காருகிறவன் வருஷத்துக்கு ஒருமுறை சந்தித்தால் அதிகம். இரண்டாவது நகர்த்தலிலேயே எதிராளி கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகத் தரத்திலும் இன்று இதே கணக்குதான். கம்ப்யூட்டர் எல்லா லைனையும் துருவிவிட்டதால், கார்ல்சன் போன்றவர்களே கொஞ்சம் சுமாரான, ஆனால் அதிகம் தேய்க்கப்படாத லைன்களை விரும்பி எடுக்கிறார்கள்.

வழக்கத்தில் இல்லாதது என்பதும் ஆளைப் பொறுத்தது. 1995இல் நியூயார்க்கில் உலக சாம்பியன் போட்டியில் ஆனந்துக்கு எதிராகக் காஸ்பரோவ் சிசிலியன் டிராகனை எடுத்தார். டிராகன் ஊரறிந்த ஓப்பனிங். காஸ்பரோவ் ஆடுவார் என்றுதான் யாரும் நினைக்கவில்லை. அந்த 11ஆவது ஆட்டத்தில் ஆனந்த் தோற்றார். பிறகு 14ஆவது ஆட்டத்தில் ஆனந்த் தன் பங்குக்கு ஸ்காண்டிநேவியன் என்ற ஓப்பனிங்கை எடுத்து, கறுப்பில் நல்ல நிலைக்கே வந்தார், ஆனாலும் காஸ்பரோவ் ஜெயித்தார். 2024 சிங்கப்பூர் உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் குகேஷ் இ4 ஆட, டிங் லிரென் பிரெஞ்சுத் தற்காப்பை ஆடி வென்றார். கிளப்புகளில் தினமும் பார்க்கிற பிரெஞ்சுதான், உலக சாம்பியன் போட்டியில் அது எப்போதாவதுதான் வரும்.

இன்னொரு வகை எனக்கு நெருக்கமானது. நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதலில் இரண்டு கட்டம் தாண்டும் உரிமை கிடையாது. அந்தப் பழக்கத்தில் வந்தவர் மகேஷ் சந்திர பானர்ஜி. 1850களில் கல்கத்தாவில் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் காக்ரனோடு ஆடியபோது, நடுவைப் பிடிக்க ஓடாமல் சிப்பாய்களை ஒரு கட்டம் நகர்த்தி, பிஷப்பை ஓரத்தில் வைத்து ஆடினார். அன்று ஐரோப்பியருக்கு அது விசித்திரம். இன்று அதே பாணியில் வந்த கிங்ஸ் இந்தியன் ஓப்பனிங் இல்லாத செஸ் புத்தகம் உண்டா? பஞ்சாபிலிருந்து போன சுல்தான் கானும் நம் விதிகளில் வளர்ந்தவர்தான். ஐரோப்பிய ஓப்பனிங் அறிவு மிகக் குறைவு. ஆனாலும் 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன், ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவையும் வென்றார். அவர் புதுமைக்காக எதையும் ஆடவில்லை, தனக்குத் தெரிந்ததை ஆடினார். பையனிடம் யாரைப் பற்றியாவது சொல்வதென்றால் இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

2021இல் கார்ல்சனும் நகமுராவும் இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவை முன்னே தள்ளி விளையாடிய வீடியோவை மட்டும் காட்ட வேண்டாம். முடிவு யாரையும் பாதிக்காத ஒரு ஆட்டத்தில் செய்த கேலி அது. (கையில் போன் இருந்தால் ஏற்கெனவே பார்த்திருப்பான்.)

ஆகவே நிறுத்தாதீர்கள். சிரித்த பயிற்சியாளரின் கவலையில் பாதி நியாயம் உண்டு. ஒரே மாதிரி நிலைகளில் வளர்ந்தால், நடுவில் சிப்பாய்கள் மோதும் சண்டை பழகாது. அதனால் போட்டியில் பி4 ஆடட்டும், பள்ளியில் வாரம் ஒருநாள் இ4 இ5 மட்டும் ஆடவையுங்கள். இன்னொரு சோதனையும் வையுங்கள். பி4க்குக் கறுப்பு இ5 ஆடினால், டி5 ஆடினால், இ6 ஆடினால் என்ன செய்வான், ஏன் என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். காரணம் சொன்னான் என்றால் அது அவனுடைய ஓப்பனிங். "அப்பத்தான் சார் அவன் முழிப்பான்" என்று மட்டும் சொன்னால் கவலைப்படுங்கள். மாவட்டப் போட்டிகளில் திரும்பத் திரும்ப அதே முகங்கள்தானே வருகின்றன? மூன்றாவது முறை எவனும் முழிக்க மாட்டான்.

வெள்ளையில் அவன் என்ன ஆடுகிறான் என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். பாதி ஆட்டங்கள் கறுப்பில் வருமே, அங்கே இ4க்கு எதிராக என்ன ஆடுகிறான்? அவன் தோற்ற ஆட்டங்களின் ஸ்கோர்ஷீட் இரண்டு மூன்று அனுப்புங்கள், பார்க்கிறேன்.