சென்னை – தூத்துக்குடி: விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

நேர்கோட்டில் சுமார் 525 கி.மீ.; சாலையில் போனால் 600 கி.மீ. அளவில் வரும்.

ஏடிஆர் 72 ரக விமானம் (இறக்கையில் சுழலும் விசிறியோடு பறக்கும் சிறிய விமானம்) மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். கணக்குப்படி 63 நிமிடம்தானே, டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணி நேரம் வரை போடுகிறார்கள்? அதில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. புறப்படும் இடத்திலிருந்து நகர்ந்ததில் தொடங்கி, இறங்கி நிற்கும் வரை உள்ள மொத்த நேரம். சென்னையில் ஓடுபாதைக்குக் காத்திருப்பதும் அதில் அடக்கம். மேலேறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடைக்காது. எதிர்க்காற்று மணிக்கு 40 கி.மீ. இருந்தால் இன்னும் ஐந்தாறு நிமிடம் கூடும்.

முன்பு தூத்துக்குடி ஓடுபாதை 1,350 மீட்டர்தான். அதனால்தான் ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள் மட்டும் வந்துபோயின. இப்போது 3,115 மீட்டராக நீட்டியிருப்பதால் ஜெட் விமானமும் இறங்கலாம். ஆனாலும் இவ்வளவு குறைந்த தூரத்தில் ஜெட்டால் மிச்சமாவது கால் மணி நேரம் போலத்தான். அதற்காகக் கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

நிலையம் இருப்பது வாகைகுளத்தில், ஊருக்குள் இல்லை. திருநெல்வேலிக்காரர்களுக்கும் இதுதான் பக்கம். பெட்டி போடும் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அதையும் சேர்த்துக் கிளம்புங்கள்.