டிஎன்ஏ சிதைவுக்கு மாத்திரை உண்டா?

கேள்வி: எனக்கு வயது 54. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.2. சர்க்கரை நோயாளிகளின் டிஎன்ஏ சிதைகிறது என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. அதற்கான சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொண்டு, வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைத் தொடங்கலாமா?

பதில்: நீங்கள் படித்தது பொய்யல்ல. ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, ரத்தக்குழாய்களின் உட்சுவர், விழித்திரை, சிறுநீரகம் ஆகியவற்றின் செல்களால் அது உள்ளே நுழைவதைத் தடுக்க முடிவதில்லை. அங்கே செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியா, சூப்பர்ஆக்சைடு போன்ற வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை அளவுக்கு மீறி வெளிவிடுகிறது. அதைத் தொடர்ந்து எழும் வினைகளில் டிஎன்ஏ அடிபடுகிறது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின்தான் முதலில் பலியாகும். ஆனால் இது சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் அன்றாடம் நடப்பதுதான். பழுதை வெட்டியெறிந்து சரிசெய்யும் நொதிகள் எல்லோரிடமும் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது பழுதுகள் பெருகுகின்றன, அவ்வளவுதான்.

அப்படி வெட்டியெறியப்பட்ட துண்டுகளில் ஒன்றைத்தான் (8-ஓஎச்டிஜி) சிறுநீரில் அளக்கிறார்கள். அளவு கூடியிருந்தால் பழுது அதிகமா, பழுதுபார்ப்பு மும்முரமா? ஒருவருடைய எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. புகைபிடித்தாலும் அது ஏறும். ஆய்வாளர்களுக்குப் பயன்படும், உங்கள் சிகிச்சையில் எதையும் மாற்றாது. செய்ய வேண்டாம்.

சி, ஈ வைட்டமின்கள் அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் என்ற எண்ணத்தில்தான் இந்த மாத்திரை யோசனை வருகிறது. அதில் இன்னும் கறாராகவே சொல்வேன். 2000இல் வெளியான ஹோப் ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் உட்பட இதய ஆபத்து மிகுந்தவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. 2009இல் ஆரோக்கியமான இளைஞர்களிடம் நடந்த சிறிய ஆய்வில், சி, ஈ மாத்திரைகள் உடற்பயிற்சியால் இன்சுலின் செயல்திறனுக்குக் கிடைக்கும் ஆதாயத்தையே தடுத்தன. உடற்பயிற்சியில் உண்டாகும் சிறு அழுத்தமே உடலின் சொந்தப் பாதுகாப்பைத் தூண்டுகிறது. மாத்திரை அதை மழுங்கடித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, வைட்டமின் சி மிகுந்தால் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும்.

பிரச்சினையின் ஊற்று அந்த 8.2தான். பலருக்கும் 7 அல்லது அதற்குக் கீழே இலக்கு வைக்கிறோம். உங்களுக்கு எது பொருத்தம், மருந்தைக் கூட்ட வேண்டுமா என்று மருத்துவரிடம் பேசுங்கள். தள்ளிப்போடாதீர்கள். பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வில், தொடக்கத்திலேயே சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்கு, பிறகு அவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் ஆகிய இரு குழுக்களின் எச்பிஏ1சியும் ஒன்றாகிவிட்ட நிலையிலும், பல ஆண்டுகளுக்குச் சிக்கல்கள் குறைவாகவே இருந்தன.

பரிசோதனைக்குச் செலவிடத்தான் வேண்டுமென்றால், சிறுநீரில் ஆல்புமின் (சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் புரதம்), விழித்திரை, இரண்டையும் ஆண்டுக்கொரு முறை பாருங்கள். வைட்டமின்களில் உங்களுக்குப் பார்க்க வேண்டியது பி12. நெடுநாள் மெட்ஃபார்மின் அதைக் குறைக்கக்கூடும். பாதம் மரத்துப்போவதற்குச் சர்க்கரையை மட்டுமே குற்றஞ்சாட்டி இதைத் தவறவிடுபவர்கள் பலர்.