பித்துக்கு ஒரு செலவுக் கணக்கு: கதை எழுதுவோர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய பூட்டுகளைச் சேர்க்கும் பித்துப் பிடித்த ஒருவரைப் பற்றிக் குறுநாவல் எழுதுகிறேன். படித்த நண்பர்கள் எல்லோரும் பாதியில் சலிப்புத் தட்டுகிறது என்கிறார்கள். எங்கே தவறு?

முதல் பக்கத்திலேயே அவருக்கு 104 டிகிரி காய்ச்சல் ஏற்றிவிட்டீர்களோ என்று சந்தேகம். அப்படியானால் ஐம்பதாம் பக்கத்தில் ஏறுவதற்கு என்ன மிச்சம்? அதே கொதிப்பு, அதே புலம்பல். வாசகருக்கு அலுக்கத்தான் செய்யும்.

பித்தை உணர்ச்சியாக எழுதுவதை நிறுத்திவிட்டுச் செலவாக எழுதிப் பாருங்கள். பணம், நேரம், உடம்பு, உறவு, மானம் – ஒவ்வொரு காட்சியிலும் இவற்றில் ஏதாவது ஒன்று கையைவிட்டுப் போக வேண்டும். அடுத்த காட்சியில் அதைவிடப் பெரிதாகப் போக வேண்டும். ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'மேல்கோட்டு' (1842) கதையை இந்தக் கண்ணோடு படியுங்கள். நகலெடுக்கும் குமாஸ்தாவுக்குப் புதுக் கோட்டு தைக்க 80 ரூபிள் வேண்டும். சேமிப்பு அதில் பாதி. மாலைத் தேநீரை விடுகிறார். இரவில் மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. காலணியின் அடி தேய்ந்துவிடக் கூடாதென்று தெருவில் கிட்டத்தட்ட நுனிக்காலில் நடக்கிறார். ஆசையின் அளவைச் சொல்ல அந்த நடை ஒன்றே போதும்.

உங்கள் கையெழுத்துப் பிரதிக்கு ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகக் கோடு போடுங்கள். இடப்பக்கம் காட்சி எண், வலப்பக்கம் அதில் அவர் இழந்தது. அடுத்தடுத்த இரண்டு காட்சிகளில் ஒரே இழப்பு ஒரே அளவில் வந்தால் ஒன்றை வெட்டுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கிறதா? அது பெரும்பாலும் பூட்டுகளைப் பற்றி நீங்கள் படித்ததையெல்லாம் கொட்டிய காட்சியாக இருக்கும்.

3,000 சொல் சிறுகதை என்றால் நான்கு படி தாங்கும்: யாருக்கும் தொல்லையில்லாத பழக்கம், அதை மறைக்கச் சொல்லும் முதல் பொய், அடுத்தவருக்கு உரியதில் கை வைப்பது, வெளியேற வழி கிடைத்தும் வேண்டாம் என்பது. நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கதவு திறந்திருந்தும் அவர் போகாமல் நிற்கும் காட்சி இல்லையென்றால் அவர் வெறும் பரிதாபத்துக்குரியவர். கதை அனுதாபத்தோடு நின்றுவிடும்.

இன்னொன்று, அவருக்கு இடையிடையே ஏதாவது கிடைக்கவும் வேண்டும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெற்றிதான் சூதாடியை மேசையில் உட்கார வைக்கிறது. கதையின் மூன்றில் ஒரு பங்கு தாண்டும்போது ஓர் அபூர்வப் பூட்டு தானாக அவர் கைக்கு வரட்டும். தோல்வி மட்டுமே அடுக்கினால் இவர் ஏன் இன்னும் விடவில்லை என்று வாசகர் எரிச்சல்படுவார்.

கடைசியாக, 'வெறி பிடித்தவர்போல', 'பைத்தியமாய்' என்ற சொற்களைக் கோப்பில் தேடி எல்லாவற்றையும் நீக்குங்கள். நீக்கியபின் காட்சி படுத்துவிட்டால், அந்தச் சொல் அங்கே முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

கேள்வி: இப்படிப்பட்ட கதையைப் பித்துப் பிடித்தவரே சொல்வது நல்லதா, பக்கத்தில் இருப்பவர் சொல்வதா?

'மோபி டிக்' (1851) நாவலில் 135 அத்தியாயங்கள். தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கத் துரத்தும் கேப்டன் ஆகாப் கப்பல் தளத்தில் முதன்முதலாகக் கண்ணில் படுவது 28ஆம் அத்தியாயத்தில்தான். அதுவரை மற்றவர்கள் பேச்சில்தான் இருக்கிறார். கதை சொல்லும் இஸ்மாயில் ஒரு சாதாரண மாலுமி; அவரை அளவுகோலாக வைத்துத்தான் ஆகாப் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று நாம் அளக்கிறோம்.

தானே சொன்னால் அவருடைய தர்க்கம் உள்ளிருந்து கிடைக்கும், அளவுகோல் போய்விடும். அதை வேறு வழியில் கொண்டுவர வேண்டும். சொல்பவருக்கே புரியாத பேச்சுகளை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்: 'சாப்பிட்டீர்களா என்று மூன்றாம் முறையாகக் கேட்டாள். தாழ்ப்பாளின் ஆணி பித்தளைதானா என்று எனக்கு இன்னும் உறுதியாகவில்லை.' மூன்றாம் முறை என்பது வாசகருக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காது. சிறுகதைக்கு இந்த முறையே நல்லது என்பது என் கட்சி. நாவல் முழுக்க ஒரே பித்தனின் குரல் என்றால் எழுதுகிறவருக்கே மூச்சு முட்டும்.

கேள்வி: என் பாத்திரத்துக்கு 'ஓசிடி' என்ற மனநோய் இருப்பதாக வைத்துக்கொள்ளலாமா?

அவர் ஆசைப்பட்டுச் செய்கிறார் என்றால் வேண்டாம். ஓசிடியில் எண்ணம் அழைக்காமல் வருகிறது, துன்புறுத்துகிறது. அந்தப் பதற்றத்தைத் தணிக்கத்தான் கழுவுவதும் சரிபார்ப்பதும் எண்ணுவதும். பலருக்கு அது மிகை என்று தெரிந்தே இருக்கும். உங்கள் பூட்டுக்காரருக்கோ பூட்டைத் தொட்டால் பரவசம். இரண்டையும் குழப்பினால் நோயும் பொய்யாகும், பாத்திரமும் பொய்யாகும்.

கேள்வி: எதை எழுதினாலும் கைவிட்டுப் போன அப்பாவில் வந்து நிற்கிறது. ஒரே விஷயத்தில் மாட்டிக்கொண்டேனா?

கடைசி ஐந்து கதைகளுக்கும் ஒவ்வொரு வரி எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், கடைசிப் பத்தியில் என்ன நடக்கிறது. அப்பா ஐந்திலும் வந்தால் கவலை வேண்டாம்; அதுதான் உங்கள் ஊற்று. முடிவு ஐந்திலும் ஒன்றாக இருந்தால்தான் கவலை. அடுத்த கதையைக் கைவிட்டுப் போனவர் பக்கம் நின்று எழுதுங்கள், அல்லது இருபது ஆண்டுக் கதையை ஒரே மதியத்துக்குள் அடக்குங்கள். இடம் மாறினால் முடிவு தானாக மாறும்.

கேள்வி: மூன்று ஆண்டாகக் குறிப்பு எடுக்கிறேன். நாவல் தொடங்கவே இல்லை.

குறிப்பெடுப்பதே பித்தாகிவிட்டது. அதில் தோற்க வழியில்லை என்பதால் அது சுகமாகவும் இருக்கும். குறிப்பேட்டை மூடிவிட்டு, நினைவில் தங்கியிருப்பதை மட்டும் வைத்து நடுவிலிருந்து ஒரு காட்சியை எழுதுங்கள். தெரியாத இடத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். எழுந்து போய்த் தேடாதீர்கள். முதல் பிரதி முடிந்ததும் அந்தக் கேள்விக்குறிகளுக்கு மட்டும் விடை தேடினால் போதும். பத்துத் தகவலில் ஒன்றுதான் கதைக்குள் போகும், அதுவும் பாத்திரம் கையால் தொடும் தகவலாக இருந்தால்.

கேள்வி: ஊண் உறக்கம் மறந்து எழுதினால்தான் தீவிரம் வருமா? தஸ்தயேவ்ஸ்கி ஒரு நாவலை 26 நாளில் முடித்தாராமே?

'சூதாடி', 1866 அக்டோபரில். முடிக்கத் தவறினால் அடுத்த 9 ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதைப் பதிப்பாளர் காசு கொடுக்காமல் அச்சிடலாம் என்று ஒப்பந்தம் இருந்தது. ஆனால் அந்தக் கதைக்கரு 1863லேயே அவருடைய ஒரு கடிதத்தில் இருக்கிறது. ரூலெட் சூதாட்ட மேசையில் அவரே பணத்தை இழந்து பார்த்தவர். எழுதும்போது சுருக்கெழுத்தாளர் அன்னா உடன் இருந்தார்: சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டார். 26 நாளை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மூன்று ஆண்டை விட்டுவிட்டால் மிஞ்சுவது தூக்கமின்மைதான். தினமும் ஒரே நேரத்தில் ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். அடுத்த வாக்கியம் என்னவென்று தெரியும்போதே பேனாவை மூடுங்கள்.