ஆற்றங்கரை என்றால் எத்தனை மீட்டர்? – நுகர்வோர் கேள்வி-பதில்

விடுமுறைக் காலம் நெருங்கினால் என் தபால் பெட்டியில் ஆறு ஓடத் தொடங்கிவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆற்றங்கரை முகாம்களைப் பற்றியவை. எல்லாவற்றையும் சுருக்கித்தான் தந்திருக்கிறேன். பதினொரு பக்கம் எழுதியவர் மன்னிக்க வேண்டும். அவருடைய கேள்வி பத்தாவது பக்கத்தில்தான் இருந்தது.

கேள்வி: 'ஆற்றங்கரை முகாம், கண் விழித்தால் நீரோட்டம்' என்ற விளம்பரத்தை நம்பிக் குடும்பத்தோடு மூன்று இரவுகளுக்குப் பதிவு செய்தோம். போய்ப் பார்த்தால் முகாமுக்கும் ஆற்றுக்கும் நடுவே இரண்டு வயல், ஒரு முள்வேலி. வேலிக்கு அப்பால் வேறொருவர் நிலம். உரிமையாளரைக் கேட்டால், 'வேலியோரம் நின்றால் தெரியுமே' என்கிறார். ஒரே இரவில் திரும்பிவிட்டோம். பணத்தைக் கேட்கலாமா? – வேலியோரம் நின்றவர்

பதில்: கேட்கலாம் அல்ல, கேட்க வேண்டும். ஒரே இரவில் கிளம்பியது நல்லதாயிற்று. மூன்று இரவும் வாய் திறக்காமல் தங்கிவிட்டு வந்து புகார் எழுதினால், 'பிடித்திருந்ததால்தானே தங்கினீர்கள்' என்பார்கள்.

முதல் வேலையாக அந்த விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போய்ச் சேர்ந்த மறுநாளே 'ஆற்றங்கரை' என்பது 'ஆற்றுக்கு அருகில்' என்று மாறிவிடும். இந்த மாயத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முகாமில் நீங்கள் எடுத்த படங்களையும் அழித்துவிடாதீர்கள். முள்வேலி நன்றாகத் தெரியும் படம் இருந்தால் அதுவே போதும். உரிமையாளருக்கு எழுத்தில் எழுதுங்கள்: சொன்னது இது, இருந்தது இது, இத்தனை நாளுக்குள் பணம் வேண்டும். திட்ட வேண்டாம். பதில் வராவிட்டால் முன்பதிவுத் தளத்துக்குப் போங்கள். அட்டையில் கட்டியிருந்தால் அட்டை தந்த வங்கியிடம், விற்றது ஒன்று, கொடுத்தது வேறு என்று ஆட்சேபம் எழுப்பலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

படம் எப்படி ஏமாற்றியது என்று கேட்டிருந்தீர்கள். தொலைவிலிருந்து நெடுங்குவிய லென்ஸில் எடுத்தால், நடுவில் கிடக்கும் வயல்கள் நசுங்கி ஆறு கூடாரத்தின் வாசலுக்கே வந்துவிடும். அடுத்த முறை கேட்க வேண்டியவை மூன்றுதான். கூடாரம் அடிக்கும் இடத்திலிருந்து நீரின் விளிம்பு எத்தனை மீட்டர்? நடுவில் இருப்பது யாருடைய நிலம்? நான் வரும் மாதத்தில் அந்த ஆற்றில் தண்ணீர் ஓடுமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆற்றங்கரைக்குப் பணம் போடுகிறவர்கள்தான் அளப்பதே இல்லை.

கேள்வி: ஒரு முகாமுக்கு 4.8 நட்சத்திரம் கிடைத்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்யலாமா?

பதில்: கண்ணைத் திறந்து, நீங்கள் போகும் மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள்.

கேள்வி: நாங்கள் பார்த்து வைத்திருக்கும் முகாமில் நீரை ஒட்டிய முதல் வரிசைக்குக் கட்டணம் அதிகம். காலை நனைத்தபடி உட்கார வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. கூடுதலாகக் கொடுப்பது தகுமா? – ஆசைக்கு அணை போடாதவர்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் பல வருடமாகக் காத்திருந்தேன். வேறு யாரும் கேட்காததால் உங்களிடம் கொட்டுகிறேன்.

முகாமிலேயே மோசமான இடத்தை எடுத்து, அதற்குத்தான் அதிக விலையும் வைக்கிறார்கள். நானும் ஒருமுறை அந்த விலையைக் கொடுத்தேன். குளிர்காற்று கனமானது, இரவில் சரிந்து இறங்கி ஆற்றோரத் தாழ்விடத்தில் தேங்கும். விடிவதற்குள் கூடாரத்தின் உட்புறம் வியர்த்துச் சொட்டியது. பின்வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் என் வாசல் வழியாகத்தான் தண்ணீருக்குப் போனார்கள். இரவில் ஆறு ஒரு சாண் ஏறி, வெளியே விட்டிருந்த ஒற்றைச் செருப்பைக் கொண்டுபோயிருந்தது. நொண்டி நொண்டி நடந்துபோய்க் கணக்கை முடித்தேன்.

செருப்போடு போயிற்று, அது என் அதிர்ஷ்டம். மலைப்பகுதியில் ஆறு ஏறுவதற்கு உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை. மேலே எங்கோ கொட்டியிருக்கும். உங்களுக்கு மேலே நட்சத்திரம் தெரிந்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஆல்பர்ட் பைக் என்ற ஆற்றோர முகாம் இருந்தது. 2010 ஜூன் 11 அன்று, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த பின்னிரவில், சில மணி நேரத்துக்குள் ஆற்றின் நீர்மட்டம் சுமார் 3 அடியிலிருந்து 23 அடிக்கு மேல் ஏறியது. 20 பேர் இறந்தார்கள். ஸ்பெயினில் பிரெனே மலையடிவாரத்து பியெஸ்காஸில் இருந்த முகாமில் 1996 ஆகஸ்ட் 7 அன்று வெள்ளத்தில் 87 பேர் இறந்தார்கள். அந்த முகாம் அமைந்திருந்தது, ஓடை மலையிலிருந்து இறங்கி வண்டலை விசிறிபோல் பரப்பி வைத்திருந்த மேட்டில். பார்க்க அழகான, சாய்வு குறைந்த நிலம். அதை அப்படி ஆக்கியதே பழைய வெள்ளங்கள்தான்.

ஆகவே கட்டணப் பலகையை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். கிளைகளிலும் வேலிக் கம்பிகளிலும் காய்ந்த புல், வைக்கோல், கிழிந்த பிளாஸ்டிக் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது? ஆறு கடைசியாக வந்து நின்ற உயரம் அது. உங்கள் தலைக்கு மேலே இருந்தால் முன்பணத்தை மறந்துவிட்டு வண்டியைத் திருப்புங்கள். வளைவின் உட்புறத்தில் மணல்திட்டு பாய் விரித்தாற்போல் கிடக்கும். அது கரையல்ல, ஆற்றின் படுகை. வளைவின் வெளிப்புறக் கரை செங்குத்தாக அரிந்து நின்றால் இன்னும் அரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மேலே அணை இருக்கிறதா என்று கேளுங்கள். மதகு திறக்க மழை வேண்டியதில்லை. திறக்கும்முன் சங்கு ஊதுவார்களா, அது முகாமுக்குக் கேட்குமா? வெளியேறும் பாதை ஒன்றுதானா, அது தரைப்பாலத்தின் மேல் போகிறதா? ஓடும் நீர் 15 செ.மீ. இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும்; 30 செ.மீ. பெரும்பாலான கார்களை இழுத்துச் செல்லும், 60 செ.மீ. பெரிய வண்டிகளையும் விடாது. கூடாரம் மேட்டில் இருந்தும் பாதை பள்ளத்தில் இருந்தால் என்ன பயன்?

இவ்வளவையும் உரிமையாளரிடம் கேளுங்கள். 'இங்கே வெள்ளமெல்லாம் வராது' என்பவரை நம்பாதீர்கள். 'அந்த வருடம் இந்தக் கம்பம் வரை வந்தது, இரவில் தண்ணீர் ஏறினால் நானே வந்து எழுப்புவேன்' என்பவரிடம் பணம் கொடுங்கள். ஆளில்லாத இடத்தில் தங்குபவர்களுக்கு லீவ் நோ டிரேஸ் ('தடம் விடாதே') என்ற முகாம் நெறிமுறை நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் கூடாரம் அடிக்கச் சொல்கிறது, ஏறத்தாழ 70 எட்டு வைக்கும் தூரம். அது கரையையும் நீரையும் காப்பதற்காகச் சொன்னது. உங்களையும் சேர்த்துக் காத்தால் வேண்டாம் என்பீர்களா?

உங்கள் மனைவியின் ஆசைக்கு வழி இருக்கிறது. மேட்டில் இடம் எடுங்கள். பகலில் நாற்காலியோடு இறங்கிப்போய்க் காலை நனையுங்கள். நாற்காலிக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஆற்று நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. அப்படியே குடிக்கலாமா?

பதில்: கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. கொதிநிலை வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலையில் என்றால் மூன்று நிமிடம்.

கேள்வி: மழை வரும்போலத் தெரிந்ததால் கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை ரத்து செய்தேன். ஒரு காசுகூடத் திருப்பித் தரமாட்டார்களாம். இது பகல் கொள்ளை. நிபந்தனைகள் மிக நீளமாக இருந்ததால் படிக்கவில்லை. – கொதித்துப்போனவர்

பதில்: நீங்கள் இணைத்து அனுப்பிய நிபந்தனைகளை நான் படித்தேன். நான்கு நிமிடம் ஆனது. மூன்றாவது வரியில் தடித்த எழுத்தில் இருக்கிறது: 'ஏழு நாளுக்கு முன் ரத்து செய்தால் முழுப் பணம், அதன்பின் இல்லை.' எனக்கு எழுதிய கடிதம் அதைவிட நீளம். கொள்ளையடித்தவர்களைப் பற்றி எழுத எனக்கு நிறைய இடம் வேண்டும். அதில் உங்களுக்கு ஒதுக்க முடியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மழை எச்சரிக்கையால் முகாமே மூடப்பட்டிருந்தால் கதை வேறு. சேவை தராதவர் பணத்தை வைத்துக்கொள்ள நியாயமில்லை. 'மழை வரும்போல' என்பது அந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். 'நான்கு பேர் கூடாரம்' வாங்கினால் போதும் அல்லவா?

பதில்: நான்கு பேரும் தோளோடு தோள் உரசி, புரளாமல், பை, காலணி எதுவும் உள்ளே வைக்காமல் படுத்தால் போதும். பெட்டியில் போட்டிருப்பது படுக்கைகளின் எண்ணிக்கை. மனிதர்கள் வாழும் கணக்கு அல்ல. நாங்கள் மூன்று பேர், நான்கு பேர் கூடாரம் வாங்கினோம், என் தலை ஒரு பக்கத்துணியிலும் கால் எதிர்ப்பக்கத்துணியிலும் ஒட்டி ஈரமாயின. விற்பவரைச் சொல்லிக் குற்றமில்லை. தரையளவு அதே பெட்டியில் சென்டிமீட்டரில் இருந்தது. நான்தான் என் உயரத்தை அளக்கவில்லை. ஆள் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வாங்குங்கள். கடையிலேயே விரித்துக் காட்டச் சொல்லி, உள்ளே படுத்தும் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

கேள்வி: 'மைனஸ் 5 பாகை வரை தாங்கும்' என்று உறையில் பெரிதாகப் போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். ஆற்றோரத்தில் 6 பாகையிலேயே பல் கிட்டியது. என் உடல்வாகுதான் காரணம் என்கிறார் கடைக்காரர். – விடிய விடிய விழித்தவர்

பதில்: உங்கள் உடல்வாகு அல்ல, அவருடைய வியாபார வாகு. இந்தப் பைகளைச் சோதிக்க ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலை இருக்கிறது. முன்பு இஎன் 13537 என்றார்கள். அதன்படி குளிருக்கான வெப்பநிலை ஒன்றல்ல, மூன்று. வசதியாகத் தூங்கும் அளவு ஒன்று, சுருண்டு படுத்தால் சமாளிக்கும் எல்லை ஒன்று, உறைந்து சாகாமல் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும் கடைசி அளவு ஒன்று. பெரிய எழுத்தில் அந்த மூன்றாவது எண்ணைப் போட்டு விற்கும் வழக்கம் உண்டு. உங்களுக்கும் அதுவே நடந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன். உள்ளே தைத்த சீட்டில் சிறிய எழுத்தில் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். 'வசதி' அளவு மைனஸ் 5 இல்லையென்றால், உறையில் இருப்பது வாங்குபவரைத் திசைதிருப்பும் வாசகம் என்று எழுதிப் பணம் கேளுங்கள். உறையைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கூடவே ஒரு சந்தேகம்: அடியில் மெத்தைவிரிப்பு போட்டீர்களா? உங்கள் எடையில் பையின் அடிப்புறம் நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சு சூட்டைக் காக்காது. தரை உறிஞ்சிய சூட்டுக்குக் கடைக்காரர் பொறுப்பல்ல.

கேள்வி: குளிருக்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளலாமா? ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவைப்போம்.

பதில்: கூடாது. திறந்துவைத்தாலும் கூடாது. அணைந்ததுபோலத் தெரியும் கரியும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

கேள்வி: அமைதியைத் தேடித்தான் நகரத்தை விட்டுக் கிராமப்புற முகாமுக்குப் போனோம். இரவெல்லாம் எதிர்க்கரையில் பாட்டு, பக்கத்தில் ஜெனரேட்டர். 'எதிர்க்கரை எங்கள் பொறுப்பல்ல' என்கிறார்கள். – காதில் பஞ்சு வைத்தவர்

பதில்: பாவம் நீங்கள். எதிர்க்கரை அவர்கள் பொறுப்பல்ல என்பது உண்மை. அங்கே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும் என்பதும் உண்மை. இரவில் நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருந்தால், ஒலி மேலே போகாமல் வளைந்து நீரோடு நீராக வரும். அதனால்தான் எதிர்க்கரைப் பேச்சு உங்கள் தலையணைக்குள் கேட்டது.

ஜெனரேட்டர் முகாமுக்குள் இருந்ததல்லவா? அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதிவு செய்யும்போது 'அமைதி நேரம்' எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மீறினால் இரவில் யாரை அழைப்பது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தடுமாறினால், நேரம் பலகையில் மட்டும்தான் என்று பொருள். வரைபடத்தில் எதிர்க்கரை, ரயில் பாலம், தண்ணீர் இறைக்கும் மோட்டார், தடுப்பணை எல்லாவற்றையும் தேடுங்கள். தடுப்பணையின் இரைச்சல் தாலாட்டாக இருக்கும் என்று நினைத்து அதன் பக்கத்தில் இடம் எடுத்த அறிவாளி நான்தான். மறுநாள் காலை வரை என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அங்கே குளிக்கவும் இறங்காதீர்கள். விழும் நீர் அடியில் சுழன்று ஆளை வெளியே விடாது.

கேள்வி: ஓடும் ஆற்றங்கரையில் கொசு இருக்காது என்று சொல்லி இடம் விற்றார்கள். சரியா?

பதில்: பாதி சரி. கொசு பெரும்பாலும் தேங்கிய நீரில்தான் முட்டையிடும். ஆற்றோரக் குட்டைகளும் தேங்கிய நீர்தான். கடிக்கும் கருப்பு ஈக்களின் புழுக்களுக்கோ ஓடும் நீரே வீடு. அந்தப் பாதியை விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்.

கேள்வி: உங்கள் நான்கு பேர் கூடாரத்தைப் பற்றி முன்பும் ஒருமுறை புலம்பியிருந்தீர்கள். உபயோகம் இல்லையென்றால் எனக்கு விற்பீர்களா?

பதில்: விற்றாகிவிட்டது. இரண்டு பேர் கூடாரம் என்று சொல்லித்தான் விற்றேன்.