வீட்டை விற்று டாக்டர் சீட் வாங்க வேண்டாம், மகன் கேட்கும் வேலையைக் கொஞ்சம் பாருங்கள்

ஈசூனிலிருந்து எழுதியிருக்கும் அக்காவுக்கு வணக்கம்.

மகன் ராணுவத்தில் தேசிய சேவையை முடிக்கப் போகிறான், ஏ நிலைத் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணுக்கு இங்கே சிங்கப்பூரில் மருத்துவம் கிடைக்கவில்லை, அவனுடைய பெரியப்பா ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து வெளிநாட்டுத் தனியார் கல்லூரியில் இடம் பேசிவிட்டார், பையனோ ஐநா அமைதிப்படைக்குச் சாமான் வாங்கும் அதிகாரி ஆகப்போகிறேன் என்கிறான், சாமான் வாங்குவதெல்லாம் ஒரு வேலையா, ராத்திரி தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் உங்களைத் தேற்றத்தான் நினைத்தேன். ஆனால் ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு மூன்றறை வீட்டுக்குப் போய்விடலாம் என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி வந்தது பாருங்கள், அதைப் படித்த பிறகு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் அக்கா. அதைச் செய்யாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டில் படித்த டாக்டர் இங்கே பதிவு செய்ய வேண்டுமென்றால், படித்த பல்கலைக்கழகம் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். 2020-இல் அந்தப் பட்டியலை 160-லிருந்து 103-ஆகக் குறைத்தார்கள், பிறகு சில பெயர்களைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். ஏஜென்ட் பேசியிருக்கும் கல்லூரி அதில் இருக்கிறதா என்று பெரியப்பாவிடம் கேட்டீர்களா? இல்லையென்றால் அத்தனை வருடம் படித்து, அத்தனை பணமும் கட்டி, பிள்ளை இங்கே வந்து டாக்டராக வேலை பார்க்க முடியாது. அப்புறம் மசேநி, அதாவது நம் சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேம நிதி. அதன் கல்விக் கடன் திட்டம் உள்ளூர்ப் படிப்புகளுக்குத்தான், வெளிநாட்டுக் கல்லூரிக்கு ஒரு காசு எடுக்க முடியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டவும் வழியில்லை. அதனால்தான் பேச்சு விற்பதில் வந்து நிற்கிறது. உங்களுக்கும் அண்ணனுக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, உங்கள் முதுமைக்கு இருக்கும் ஒரே பெரிய சொத்து அந்த வீடு. யோசனை சொன்ன உறவுக்காரர்கள் யாரும் அந்தத் தொகையில் பங்கு போடப் போவதில்லை.

இத்தனைக்கும் மேலே, பையன் அதைக் கேட்கவே இல்லை. ரத்தத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விருப்பமில்லாத பிள்ளையை ஆறு வருடம் தள்ளிக்கொண்டு போக எந்தக் குடும்பத்தாலும் முடியாது.

மருத்துவம் இல்லையென்றால் சட்டம், அதுவும் இல்லையென்றால் கணினி என்று வழக்கமான வரிசையை நான் ஒப்பிக்கப் போவதில்லை, அதைச் சொல்ல தேக்காவில் யாரைக் கேட்டாலும் போதும். தம்பி சொன்ன வேலையைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் அது என்னவென்று உங்கள் வீட்டில் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

தென்சூடானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் ஐநா அமைதிப்படைக்குப் பாதுகாப்பு மன்றம் 2025-இல் அனுமதித்த உச்சவரம்பு 17,000 வீரர்கள். இந்தியா, ருவாண்டா, நேப்பாளம், பங்களாதேஷ், மங்கோலியா என்று பல நாட்டுக்காரர்கள். இவர்களுக்குச் சோறு, தண்ணீர், டீசல், ஜெனரேட்டர், தங்குவதற்குக் கொட்டகை, ஹெலிகாப்டர், கழிவுநீர் அகற்ற லாரி எல்லாம் யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும்? நாட்டுக்குக் கடல் கிடையாது. நிறைய சரக்கு கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கி, உகாண்டா வழியாக லாரியில் ஜூபா வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் மண்சாலைகள் மாதக்கணக்கில் போக்குவரத்துக்கு லாயக்கில்லாமல் போய்விடும். சில முகாம்களுக்கு வெள்ளை நைலில் படகில் அனுப்புவார்கள், இல்லையென்றால் விமானம்தான். அதனால் மழைக்கு முன்பே சரக்கு போய்ச் சேர வேண்டும், அதற்குப் பல மாதம் முன்பே ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். சாமான் வாங்கும் அந்தக் கொள்முதல் அதிகாரி ஒரு தாளைத் தாமதித்தால் ஏதோ ஒரு மூலையில் ஒரு முகாமே டீசல் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

வாங்கும் முறையும் நாம் முஸ்தஃபா கடையில் பொருள் எடுப்பது மாதிரி இல்லை. என்ன வேண்டும் என்பதைக் கொள்முதல் பிரிவு முடிவு செய்யக் கூடாது, பொறியியல் பிரிவோ போக்குவரத்துப் பிரிவோ எழுதித் தர வேண்டும். அந்த எழுத்தில் ஒரு குறிப்பிட்ட கம்பெனிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி நிபந்தனை ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்புவது கொள்முதல் அதிகாரியின் வேலை. பெரிய, சிக்கலான டெண்டர் என்றால் இரண்டு உறைகள். தொழில்நுட்ப உறையைப் பிரித்து மதிப்பெண் போடுகிறவர்கள் விலையைப் பார்க்கக் கூடாது, அது முடிந்த பிறகே விலை உறையைத் திறப்பார்கள். தொகை பெரிதாக இருந்தால் அந்த மிஷனின், அதாவது அந்த அமைதிப்படைப் பணியின், ஒப்பந்தக் குழு கேள்வி கேட்கும், அதற்கும் மேலே போனால் நியூயார்க்கிலுள்ள தலைமையகக் குழு. "இவருக்கு ஏன் கொடுத்தீர்கள், மற்றவர்களை ஏன் தள்ளினீர்கள்" என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

மூத்த கொள்முதல் அதிகாரி என்பவர் இத்தனைக்கும் நடுவில் நிற்கிறவர். ஒரு கர்னல் வந்து இன்றைக்கே வாங்கிக் கொடு என்று மேசையைத் தட்டுவார். அவசரக் கொள்முதலுக்கு விதி உண்டு, ஆனால் முன்கூட்டித் திட்டமிடாமல் விட்டதால் வந்த அவசரத்தை அந்த விதி அவசரமாக ஏற்காது. அதை அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதே சமயம் அவருடைய ஆட்கள் பட்டினி கிடக்காமல் இருக்க விதிக்குள்ளேயே ஒரு வழியும் கண்டுபிடிக்க வேண்டும். வழக்கறிஞர் மூளையும் வேண்டும், வியாபாரி மூளையும் வேண்டும். இதைச் சாமான் வாங்கும் வேலை என்று சிரித்த உறவினர்கள் யாரோ, அவர்களிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

நேர்மை விஷயத்தில் இந்த வேலை ரொம்பக் கறாரானது. சப்ளையரிடமிருந்து ஒரு பேனாகூட வாங்கக் கூடாது, சொத்து விவரத்தை வருடாவருடம் காட்ட வேண்டும், வேலையை விட்ட பிறகும் ஒரு வருடத்துக்கு அந்த கம்பெனிகளிடம் போய்ச் சேர முடியாது. 2007-இல் ஐநா கொள்முதல் அதிகாரி ஒருவர் லஞ்ச வழக்கில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார். தம்பிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அவனோடு தொலைபேசியில் பேசினேன். ராணுவத்தில் அவன் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்மேன் என்று சொல்ல உங்களுக்கே கொஞ்சம் சங்கடம், கடிதத்தில் "சும்மா ஸ்டோர்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குச் சங்கடமே இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருக்கும் எண்ணிக்கையும் அலமாரியில் இருக்கும் எண்ணிக்கையும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று அரைமணி நேரம் விளக்கினான், காலாவதியாகப் போகும் பேட்டரிகளை முன்னால் எடுத்து வைக்கும்படி அடுக்கை மாற்றியதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. நான் பார்க்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு என்ன பிடிக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. உங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் பெரியப்பாவின் ஆசையை அவன் தலையில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

சரி, வழி என்ன? மூத்த அதிகாரி என்பது ஐநாவின் பதவிப் படிகளில் பெரும்பாலும் பி-5 நிலை. முதுகலைப் பட்டத்தோடு 10 வருட அனுபவம் கேட்பார்கள், பி-4 நிலைக்கு 7, பி-3 நிலைக்கு 5. இளங்கலை மட்டும் என்றால் இன்னும் இரண்டு வருடம் கூடும். ஆக, படித்து முடித்த கையோடு ஐநாவுக்கு ஓடுவது என்ற பேச்சே இல்லை, முதலில் இங்கே தொழில் கற்க வேண்டும். அதற்கு இந்த ஊரைவிட நல்ல இடம் குறைவு, துறைமுகமும் கிடங்கும் சரக்கு விமானமுமாக வாழ்கிற ஊர் இது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் விநியோகத் தொடர் நிர்வாகம் (சரக்கை வாங்கி, சேமித்து, கொண்டுசேர்ப்பதை நிர்வகிப்பது) பட்டப்படிப்பாகவே இருக்கிறது, மற்றப் பல்கலைக்கழகங்களில் வணிகப் படிப்புக்குள் அதைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். அரசு மானியத்துக்குப் பிறகு குடிமக்களுக்கு வணிகப் படிப்பின் கட்டணம் வருடத்துக்குச் சுமார் பத்தாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இதற்கு மசேநியிலிருந்து கடன் எடுக்கலாம், வீடு வீடாகவே இருக்கும்.

பட்டம் முடிந்ததும் அரசாங்கக் கொள்முதலில் சேர்வதைத்தான் நான் முதலில் சொல்வேன். தற்காப்பு அமைச்சுக்கு வாங்கித் தரும் டிஎஸ்டிஏ, பொது மருத்துவமனைகளுக்கு வாங்கித் தரும் ஆல்ப்ஸ், இல்லையென்றால் அரசாங்கக் கொள்முதல் தளமான ஜீபிஸில் டெண்டர் போடும் ஏதாவது ஒரு அமைப்பு. பொதுப் பணத்தைச் செலவு செய்யும் ஒழுக்கம் இங்கே கையில் படிந்துவிட்டால் ஐநாவின் விதிகள் அந்நியமாகத் தெரியாது. கூடவே, வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டனின் கொள்முதல் தொழில் அமைப்பான சிஐபிஎஸ் தரும் தொழில்முறைச் சான்றிதழை முடிக்க வேண்டும். 27 வயதுக்குப் பிறகு ஐநா தொண்டூழியர் திட்டத்தில் நிபுணர் நிலைக்கு விண்ணப்பிக்கலாம், மிஷன் வாழ்க்கை ஒத்துவருமா என்று அங்கே ஓரிரு வருடத்தில் தெரிந்துவிடும்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். மிஷன்கள் மூடப்படும். மாலியில் 2023 ஜூனில் முடிவெடுத்தார்கள், அந்த டிசம்பருக்குள் மூட்டை கட்டியாயிற்று. லெபனான் படைக்கு 2026 டிசம்பர் 31 வரைதான் அனுமதி. உறுப்பு நாடுகள் பணம் கட்டாததால் 2025-இல் பல மிஷன்களில் ஆட்களைக் கால்வாசி குறைக்கும் நிலை வந்தது. குடும்பத்தை அழைத்துப் போக முடியாத ஊர்களும் நிறைய. மசேநி அங்கே சேராது. ஐநா ஓய்வூதிய நிதி உண்டு, சம்பளத்தில் அவன் 7.9 விழுக்காடு, அமைப்பு அதைப்போல் இரண்டு மடங்கு போடும், ஆனால் ஐந்து வருடத்துக்குள் விட்டுவிட்டால் ஓய்வூதிய உரிமை வராது. இதற்காகத்தான் தொழில் முதலில், மிஷன் பிறகு என்கிறேன். மிஷன் மூடினாலும் கொள்முதல் தெரிந்தவனுக்கு மருத்துவமனையிலோ கப்பல் கம்பெனியிலோ இடம் இருக்கும்.

இன்னொன்று. ஐநா வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் அது மோசடி. விண்ணப்பம், நேர்முகம், பயிற்சி எதற்கும் ஐநா காசு வாங்காது.

நம் ஊர்க்காரர்கள் அங்கெல்லாம் போவார்களா என்று பெரியப்பா கேட்டாராம். சிங்கப்பூர் 1989-இலிருந்து ஐநா அமைதிப்பணிகளுக்கு ஆள் அனுப்பி வருகிறது, 2002-இல் கிழக்குத் திமோர் படைக்குத் தலைமை ஏற்றவரே நம் ராணுவத்தின் மேஜர் ஜெனரல் டான் ஹக் கிம்தான்.

இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஏஜென்ட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழக விண்ணப்பத் தேதியைத் தம்பி தவறவிடக் கூடாது. ஐநாவுக்குப் பொருள் விற்க விரும்பும் கம்பெனிகள் பதியும் யூஎன்ஜிஎம் தளத்தில் டெண்டர் அறிவிப்புகள் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன, அவற்றை அவன் படித்துப் பார்க்கட்டும், சலிப்பு வருகிறதா ஆர்வம் வருகிறதா என்று அவனே சொல்லட்டும். பிரெஞ்சு கற்கவும் ஆரம்பிக்கலாம், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் காங்கோவிலும் அது இல்லாமல் சிரமம். பெரியப்பாவிடம் நீங்கள் பேசத் தயங்கினால் அவரையும் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வாருங்கள், நானே பேசுகிறேன். வரும்போது அந்த ஏஜென்ட் கொடுத்த கட்டண விவரத்தாளையும் எடுத்து வாருங்கள்.